எல்லை தாண்டாமல் ஒரு நேர்காணல்

ரோகினியின் கையில் காப்பு ஏறி நான்காம் நாள், திங்கட்கிழமை மத்தியானம், அந்தக் கடிதம் வந்தது. கடிதம் என்றாலும் தாளில் வந்ததில்லை. ஏழாங்கட்டைத் தோட்டத்தில் கைப்பேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். உரக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டி. அதன் சிமெண்டு மேடையில் உட்கார்ந்து அவள் தோழி கேரலுக்குச் செய்தி தட்டிக்கொண்டிருந்தபோது மின்னஞ்சல் வந்து விழுந்தது.

அவள் விண்ணப்பித்திருந்த பெரிய பல்கலைக்கழகம் அவளை அழைத்திருந்தது. இயந்திரப் பொறியியல், மூன்றாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முதலில் ஒரு மணி நேர எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல். நேரில் வர வேண்டும்.

முதல் தடவை படித்தபோது எழுந்து நின்றுவிட்டாள். இரண்டாம் தடவை கிழமையைப் பார்த்தாள். மூன்றாம் தடவை தன் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தாள். மஞ்சள் கயிறு, அதில் முடிந்த ஒரு துண்டு மஞ்சள். அவ்வளவுதான். ஆனால் அது ஏறிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிழா முடியும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. டவுனில் இருக்கிற கோயில்களில் இதையெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதில்லை. காப்போடு ஆபீசுக்குப் போகிறார்கள், விமானம்கூட ஏறுகிறார்கள். ஏழாங்கட்டையில் மிச்சம் இருப்பது இருபத்தாறு குடும்பம். அந்த இருபத்தாறு குடும்பமும் சேர்ந்து எதையாவது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் அது இதைத்தான்.

லாபு பக்கம் போகிறவர்களுக்கு அந்தத் தோட்டம் கண்ணில் படாது. பெரிய சாலையில் சிம்பாங் என்று சொல்கிற சந்திப்பிலிருந்து உள்ளே ஒரு செம்மண் பாதை போகும், இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்கள். ரோகினியின் அப்பா சுகுமாறன் அந்தத் தோட்டத்தில் பழக்குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறார். அம்மா புஷ்பவள்ளி மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை செய்தார். ஒரே பிள்ளை. பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் அரசாங்கத்தின் புகுமுக வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. மேல்முறையீடு செய்தும் கிடைக்கவில்லை. ஆகவே பக்கத்திலேயே, தோட்டத்தின் கிழக்குப் புறத்தில் புதிதாக வந்திருந்த சின்னப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள்.

"அங்கயா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். தோட்டத்தில் யாரும் அதைப் பல்கலைக்கழகம் என்று சொன்னதே இல்லை, காலேஜ்தான். ஒரு நான்கு மாடிக் கட்டடம், ஒரு கேன்டீன், தள்ளி ஒரு பட்டறை. பொறியியல் வகுப்பில் பதினேழு பேர். பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுதான் அங்கே; மீதி இரண்டு ஆண்டுக்கு வேறொரு பல்கலைக்கழகம் தேடிக்கொண்டு போக வேண்டும். எடுத்த பாடங்களின் மதிப்புப் புள்ளிகளை அங்கே ஒப்புக்கொண்டால் மூன்றாம் ஆண்டில் உட்காரலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. இடமே கிடைக்காவிட்டால் இரண்டு வருடப் படிப்பு கையில் ஒரு தாளாக நின்றுபோகும்.

முதல் வாரம் ரோகினிக்கும் அது பிடிக்கவில்லை. பள்ளித் தோழிகள் பினாங்குக்கும் ஜொகூருக்கும் போய்ப் பெரிய பெரிய மண்டபங்களில் நின்று படம் போட்டார்கள். இவள் மோட்டாரில் பத்து நிமிடம் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். ஆனால் இரண்டாம் மாதத்திலேயே அந்த இடம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. துறைத் தலைவி, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடும் மலாய்க்கார அம்மாள், பதினேழு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருநாள் வராவிட்டால் மறுநாள் ஏன் என்று கேட்பார். பட்டறையில் மூன்று லேத் இயந்திரங்கள். வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கிற வேலையே இல்லை. கை வலிக்கிற வரை கடையலாம். தான் கடைந்த முதல் இரும்புத் துண்டை ரோகினி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அம்மா அதைக் கையில் உருட்டிப் பார்த்து, "இது எதுக்கு ஆவும்?" என்றார். ஒன்றுக்கும் ஆகாது என்று இவள் சொன்னதும், "பரவால்ல, வழுவழுன்னு இருக்கு" என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

அது அக்டோபரில். நவம்பரில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, மரத்தடியில் குனிந்தவர் நிமிரவில்லை.

மகள் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று, அவள் பள்ளியில் படித்தபோதே, மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக அம்மா அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். இரண்டு எடுத்துவிட்டார். அவர் இறந்த அடுத்த வருடம் துக்கம் கழியாததால் வீட்டில் யாரும் திருவிழாவுக்குப் போகவில்லை. இந்த வருடம் மூன்றாவது குடத்தைத் தான் எடுப்பதாக ரோகினி சொன்னாள். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறையும் விட்டிருந்தது. யாரும் அவளை எடுக்கச் சொல்லவில்லை.

தண்ணீர்த் தொட்டி மேடையிலிருந்து அவள் எழுவதற்குள் கேரல் அழைத்துவிட்டாள். கேரல் பக்கத்து ஊரான ராசாவில் இருக்கிறவள். அதே பதினேழு பேரில் ஒருத்தி. அவளும் அதே இடத்துக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள்.

"டீ, எனக்கும் வந்துருச்சு! அதே வியாழக்கெழம, எனக்கு ரெண்டு மணிக்கு. டாடி கார எடுக்கறாங்க. ஆறரைக்குக் கெளம்பி ஒங்க எஸ்டேட் சிம்பாங்ல ஒன்ன ஏத்திக்கிறோம். லேட் பண்ணாத."

"என்னால வர முடியாது கேரல். காப்பு கட்டியிருக்கேன்."

"கழட்டு."

"அது வாட்ச் இல்ல."

 கேரல் விவரம் கேட்டாள். கேட்டுவிட்டு, "நாங்க தவக்காலத்துல கறி திங்காம இருப்போம், அவ்ளோதான். நீங்க என்னடான்னா சுத்தி வேலியே போட்டுக்கிறீங்க" என்றாள். "சரி, ஆன்லைன்ல வைக்கச் சொல்லிக் கேளு. டெங்கின்னு போடு லா. டெங்கின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"டெங்கின்னா சர்டிபிகேட் கேப்பாங்க."

"அப்ப கொசு கடிச்சிருச்சு, டெங்கியான்னு இன்னும் தெரியலன்னு போடு."

சாயங்காலம் சுகுமாறன் லோரியை நிறுத்திவிட்டு வந்து, குளித்து, சாப்பிட உட்காரும் வரை ரோகினி காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் கை தட்டிலேயே நின்றது.

"கழட்டிடு பாப்பா" என்றார். "பால்ல போட்டுட்டு, அம்மன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. அடுத்த வருஷம் எடுப்போம். சாமி எங்க ஓடிறப் போவுது?"

"அடுத்த வருஷம் நான் எங்க இருப்பேனோ."

"நாந்தான் சொன்னேன்ல, வியாழக்கெழம சாயந்தரம் ரெண்டாங் காப்பு இருக்கு, மூணு நாளு காப்பு, அதுல கட்டிக்கலாம்னு. மொத காப்புலயே கட்டுவேன்னு நின்ன."

"அம்மா மொத காப்புலதான கட்டுவாங்க."

"ஒங்கம்மாவுக்கு இண்டர்வியூ வந்துச்சா?"

ரோகினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுகுமாறனுக்கும் வந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "ஒங்கம்மா கோவிச்சுக்கவா போறா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அம்மா கோவிச்சுக்க மாட்டாங்கப்பா. எனக்குத்தான் இது முடியணும்."

சாமி கண்ணைக் குத்திவிடும் என்ற பயமெல்லாம் அவளுக்கு இல்லை. மூன்றில் இரண்டை ஒருவர் செய்து மூன்றாவது நின்றுபோன கணக்கு அவள் மனசில் தினமும் திறந்தே கிடந்தது. இந்தத் தோட்டத்தை விட்டுப் போவதற்கு முன் அந்தக் குடத்தை எடுத்து, இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். படிக்கவும் போக வேண்டும். இரண்டில் ஒன்றை விடு என்று யார் சொன்னாலும் அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் மின்னஞ்சலை எழுதினாள். ஆறு தடவை அழித்தாள். ஆங்கிலத்தில் காப்புக்கு என்ன சொல்வது? கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். நான் ஒரு சமய நேர்ச்சையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை எங்கள் தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியாது. இது காலமான என் தாயார் தொடங்கியது, நான் முடிக்கிறேன். திங்கட்கிழமைக்குப் பிறகு எந்த நாளானாலும், எந்த நேரமானாலும் நேரில் வருவேன். அல்லது இணையம் வழி நடத்த முடிந்தால் மிகவும் நன்றி உடையவளாவேன்.

பத்தரை மணிக்கே பதில் வந்தது. தேதியை மாற்ற முடியாது. இணையம் வழி நடத்தலாம். ஆனால் எழுத்துத் தேர்வு இருப்பதால் வீட்டிலிருந்து எழுத அனுமதி இல்லை. தற்போது படிக்கும் கல்வி நிலையத்தில், விரிவுரையாளர் ஒருவரின் கண்காணிப்பில் எழுத வேண்டும்.

அவள் சந்தோஷத்தில் கேரலுக்குப் போன் அடிக்க எண்ணைத் தொட்டுவிட்டு, உடனே துண்டித்தாள். காலேஜுக்கு எப்படிப் போவது? செம்மண் பாதையில் போய், தோட்டத்துக் கேட்டைத் தாண்டி, சிம்பாங்கில் இடது பக்கம் திரும்பி, பாலம் ஏறி இறங்க வேண்டும். பத்து நிமிடம்தான். ஆனால் எல்லைக்கு வெளியே.

அன்று சாயங்கால பூசைக்குப் பிறகு கோயிலில் அதைக் கேட்டுவிடுவது என்று சுகுமாறன் முடிவு செய்தார். மாரியம்மன் கோயிலின் தகரக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். கோயில் தலைவர் திருச்செல்வம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது, விதிமுறை என்றால் அவருக்கு உயிர். எதிரே, காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் வீரமுத்து. ஒருகாலத்தில் மண்டோராக ஆள் மேய்த்தவர். இப்போது வருடத்துக்கு ஒருமுறை, காப்புக் கட்டும் நாளில், பம்பைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்து நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்து எல்லை கட்டுவது அவர் வேலை.

சுகுமாறன் சொல்லி முடித்ததும் திருச்செல்வம் தலையை ஆட்டினார். "புள்ள படிப்பு முக்கியந்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா எல்லைன்னா எல்லைதான். நம்ம கேட்டோட முடிஞ்சது. காலேஜ் இருக்கற எடம் வித்துப் போயி பதினஞ்சு வருஷமாச்சு. அது இப்ப தோட்டமே இல்ல."

"வித்தது கம்பெனி" என்றார் வீரமுத்து. "அம்மன்கிட்ட யாரு கையெழுத்து வாங்குனது?"

"மாமா, கிண்டல் பண்ணாதீங்க."

"நான் ஏன்டா கிண்டல் பண்றேன்? வெள்ளிக்கெழம எல்ல கட்டப் போனது யாரு? நீயா நானா? நீ வேன்ல ஏசி போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்த. பழம் எங்கெங்க வச்சேன்னு சொல்லு பாப்போம்."

திருச்செல்வம் சுற்றும் முற்றும் பார்த்தார். "நாலு மூலையிலயும்."

"நாலு மூலைன்னா? தெக்க நம்ம கேட்டுக்கு இந்தப் பக்கம். மேக்க பழைய கணக்குக் கிராணி வூடு. வடக்க ரயில் ரோட்டோரம். கெழக்க?" அவர் ஒரு கையை உயர்த்தி எல்லாரையும் காத்திருக்க வைத்தார். "கெழக்க, காலேஜுக்குள்ள. பெரிய கால்வா ஓரத்துல, வொர்க்‌ஷாப்புக்கு முன்னால. அன்னைக்கு எங்க மூல இருந்துச்சோ இன்னைக்கும் அங்கதான். காவலுக்கு நிக்கிற ஜாகாக்காரன் வருஷா வருஷம் சின்ன கேட்டத் தொறந்து உடறான். அவன் நேப்பாளத்துலருந்து வந்தவன். அவனுக்கு நம்ம எல்ல தெரியுது, தலைவருக்குத் தெரியல."

கொட்டகை சிரித்தது. ரோகினி சிரிக்கவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தாத்தா, அந்த எலுமிச்சம்பழம் நீங்க வைக்கிறதா?"

"பின்ன யாரு, ஒங்க லெக்சரரா?"

"ஐயோ தாத்தா! மொத வருஷம் எங்க கிளாஸ்ல ஒரு சீனப் பையன் அதப் பாத்துட்டு, யாரோ சூனியம் வச்சிட்டாங்கன்னு ஒரு வாரம் வொர்க்‌ஷாப்புக்கே வரல. இன்னொருத்தி உப்பு கொண்டாந்து போட்டா. நானும் பயந்து அந்தப் பக்கம் போவாம சுத்திப் போனேன்."

"எங்க சாமிய எங்க புள்ளயே பாத்து ஓடியிருக்கு" என்று வீரமுத்து தலையில் அடித்துக்கொண்டார். இந்தத் தடவை திருச்செல்வமும் சிரித்துவிட்டார். ஆனால் தலைவர் தலைவர்தான். சிரித்து முடித்ததும் விரலை நீட்டினார். "சரி, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு விசயம். சிம்பாங் வழியா போவக் கூடாது, அது வெளிய. அப்பறம், கால்வாயத் தாண்டி அந்தப் பெரிய கட்டடத்துக்குப் போவக் கூடாது. பழத்துக்கு இந்தப் பக்கமே இருக்கணும்."

வீரமுத்துவே யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டார். "வழி நான் காட்டுறேன். செம்பனைக்குள்ளயே போயிரலாம்."

ஆக, கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருந்த ஒரே கட்டடம் பட்டறைதான். ரோகினி துறைத் தலைவிக்குப் போன் செய்து, தேர்வைப் பட்டறையில் வைக்க முடியுமா என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னாள். அவர் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்.

"பட்டறைக்குள் எல்லை இருக்கிறதா?"

"பட்டறைக்கு முன்னால், டாக்டர்."

"விடுமுறைதானே, இயந்திரங்கள் ஓடாது. மேசை போடச் சொல்கிறேன்" என்றார் அவர். பிறகு நினைவு வந்தவராக, "காலில் பாதுகாப்புக் காலணி வேண்டும். அது பட்டறை விதி" என்றார்.

காப்புக் கட்டியவர்கள் செருப்புப் போடக் கூடாது. ரோகினி அதையும் சொல்ல வேண்டியதாயிற்று.  கடைசியில் வழி பிறந்தது. பட்டறையின் வாசலை ஒட்டி தொழில்நுட்பருக்கு ஒரு கண்ணாடி அறை உண்டு. இயந்திரங்கள் இருக்கும் தரையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் காலணி. கண்ணாடி அறை கோட்டுக்கு வெளியே. அம்மன் எல்லைக்கு உள்ளே.

வியாழக்கிழமை காலை சுகுமாறன் லோரியில் அவளையும் வீரமுத்துவையும் கிழக்குக் காட்டு விளிம்பு வரை கொண்டுபோய் விட்டார். ஆலைக்கு நேரமாகிவிட்டதால் இறங்கக்கூட இல்லை. "நல்லா எழுது" என்று மட்டும் சொன்னவர், லோரியைத் திருப்பி எடுத்த பிறகும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டே போனார். ரோகினி அம்மாவின் மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தாள். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்கள். வெறுங்கால். காய்ந்த செம்பனை மட்டைகளின் முள் படாமல் வீரமுத்து காலால் ஒதுக்கிக்கொண்டே முன்னால் நடந்தார். கம்பி வேலியில் இருந்த சின்ன கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜாகாக்காரர் நின்றிருந்தார். வீரமுத்துவைப் பார்த்ததும் பூட்டைத் திறந்தவர் ரோகினியின் காலைப் பார்த்து, "காசுட் மானா?" என்றார், செருப்பு எங்கே என்று.

"அவ வீட்ல விட்டுட்டு வந்துட்டாப்பா, நீ ஒன் வேலயப் பாரு" என்று வீரமுத்து தமிழிலேயே பதில் சொன்னார். ஜாகாக்காரருக்கும் புரிந்ததுபோல்தான் இருந்தது.

எழுத்துத் தேர்வில் மூன்று கேள்விகள். இரண்டு சுலபம். மூன்றாவதில் ஒரு உருளையின் சுவர் தடிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியில் ஒரு குறி மாறிப்போய், விடை எதிர்மறையில் வந்தது. சுவரின் தடிப்பு எதிர்மறையாக இருக்க முடியாது என்று தெரிந்து, வியர்த்து, திரும்பப் போய், குறியைக் கண்டுபிடித்துத் திருத்தியபோது இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. துறைத் தலைவி மூலையில் உட்கார்ந்து, தலையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, மேசையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு திரையில் மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு பெண் பேராசிரியர். "உங்கள் பின்னால் தெரிவது என்ன?" என்று அந்தப் பெண்மணி முதல் கேள்வியாகக் கேட்டார்.

"லேத் இயந்திரங்கள், பேராசிரியர். இது எங்கள் பட்டறை."

"ஏன் பட்டறையில் இருக்கிறீர்கள்?"

ரோகினி சொன்னாள். கால்வாய், மூலை, பழம், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல இது எவ்வளவு விசித்திரமாகக் கேட்கும் என்று அவளுக்கே பட்டது. நிறுத்த முடியவில்லை.

"எல்லை உங்கள் நாற்காலியிலிருந்து எவ்வளவு தூரம்?" என்றார் வலது பக்கம் இருந்தவர். முகத்தில் சிரிப்பில்லை.

"முப்பது அடி இருக்கும்."

"அளந்தீர்களா?"

"இல்லை. நடந்து பார்த்தேன், பன்னிரண்டு தப்படி."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு உண்மையான கேள்விகள் வந்தன. அவளுடைய வெப்பவியல் ஆய்வகப் பாடத்தில் நான்கே நான்கு சோதனைகள்தான் இருக்கின்றன, தங்கள் பல்கலைக்கழகத்தில் பத்து, இந்தக் குறையை எப்படி ஈடுகட்டுவாள் என்று கேட்டார்கள். இதுதான் அவள் பயந்திருந்த கேள்வி. எத்தனையோ பதில் தயார் செய்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"நான்குதான். ஆனால் நான்கையும் நானே செய்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்தேன், முதல் தடவை தப்பாக வந்ததால். எங்கள் வகுப்பில் பதினேழு பேர். இயந்திரத்தைத் தொடாதவர் யாரும் கிடையாது. மீதி ஆறு சோதனைகள் எனக்குத் தெரியாது. அங்கே வந்தால் கற்றுக்கொள்வேன்."

நடுவில் இருந்தவர் மற்ற இருவரையும் பார்த்தார். "எங்களிடம் ஒரு குழுவுக்குப் பத்துப் பேர்" என்றார் யாருக்கும் சொல்லாததுபோல். "இரண்டு பேர் செய்வார்கள். எட்டுப் பேர் படம் எடுப்பார்கள்."

வெளியே வந்தபோது வீரமுத்து கால்வாய் ஓரத்தில், பழத்துக்குப் பக்கத்தில், செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். "என்னா சொன்னானுங்க?" என்று தாளை எடுக்காமலே கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல தாத்தா. எழுதி அனுப்புவாங்களாம்."

"அந்தக் காலத்துலருந்து அப்படித்தான் சொல்றானுங்க" என்று எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. ஊர்வலப் பாதையில் பாதித் தூரம் தார் ரோடு. சுகுமாறன் லோரியில் தண்ணீர் டிரம்மை ஏற்றி, பால்குடங்களுக்கு முன்னால் மெதுவாக ஓட்டி, ரோட்டை நனைத்துக்கொண்டே போனார். ரோகினியின் குடம் அம்மா எடுத்த அதே பித்தளைக் குடம். கழுத்தில் ஒரு நசுங்கல் உண்டு. கொஞ்சம் தண்ணீர் தெளித்த ஈரத்திலும் கொஞ்சம் காய்ந்த சூட்டிலுமாகக் கால் வைத்து அவள் கோயில் வரை போய், பாலை அம்மன் தலையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் காலிக் குடத்தைத் தரையில் வைத்தபோது உடம்பு சட்டென்று லேசானது. அழ வேண்டும் என்று தோன்றவில்லை. பசித்தது. நாலு கரண்டி பொங்கலை வாங்கி, நின்றபடியே சாப்பிட்டாள். மறுநாள் காப்பு அவிழ்ந்தது.

பதில் வர ஆறு வாரம் ஆயிற்று. உரக்கொட்டகைக்குப் பின்னால் நின்று படித்தாள். இடம் உண்டு. அறுபத்தொரு மதிப்புப் புள்ளிகளில் ஐம்பத்திரண்டை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று பாடங்களைத் தங்கள் இடத்தில் மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள். அதில் பட்டறைப் பயிற்சியும் ஒன்று.

இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவர்களின் வரிசையில், முதல் ஆளை விட்டுவிட்டு இரண்டாவது ஆளிடமிருந்து தொடங்குவதற்கு அவள் இன்னும் பழகவில்லை. கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு செம்பனை வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவை அழைத்தாள். பின்னால் லோரி உறுமிக்கொண்டிருந்தது.

"ஒம்போது போச்சுப்பா."

"மிச்சம் அம்பத்திரண்டும் வருதுல்ல? பழம் ஏத்துனாலும் வழியில நாலு உதுரத்தான் செய்யும். போயி பெட்டியக் கட்டு."

கேரலுக்கும் இடம் கிடைத்தது. அவளுக்கும் அதே மூன்று பாடம் போயிற்று. "லேத்துல ஏ வாங்கினேன் டீ, ஏ!" என்று ஒரு மாதம் புலம்பினாள். துறைத் தலைவியிடம் விடைபெறப் போனபோது அவர் இருவருக்கும் ஒரே அறிவுரைதான் சொன்னார். அங்கே கூட்டம் அதிகம், பின்னால் நிற்காதீர்கள்.

செப்டம்பரில் சேர்ந்தார்கள். விரிவுரை மண்டபத்தில் இருநூறு பேர். ஒருநாள் வராவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். முதல் இரண்டு வாரம் ரோகினிக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. மூன்றாம் வாரம் பட்டறைப் பயிற்சி தொடங்கியது. இப்போதுதான் பள்ளியை விட்டு வந்த முதலாண்டுப் பிள்ளைகள் அறுபது பேர், எல்லாரும் புதுக் காலணி. இயந்திரங்கள் இருபது. தொழில்நுட்பர் கையைத் தட்டி, இதற்கு முன் லேத்தைத் தொட்டவர் யாராவது உண்டா என்று மலாயில் கேட்டார். இரண்டு கைகள்தான் உயர்ந்தன.

ரோகினியை ஏழாம் இயந்திரத்தில் இரண்டு பேரோடு நிறுத்தினார்கள். ஒருத்தி சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருந்த தமிழ்ப் பெண், பெயர் புனிதா. இரும்புத் தண்டை இறுக்கிவிட்டு, இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டுச் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள். ரோகினி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சாவியை உருவி எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்படியே ஓட்டியிருந்தா அது பறந்து வந்து பல்லுல பட்டிருக்கும்."

புனிதா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "தேங்க்ஸ்க்கா. நீங்க இங்க வேல செய்றீங்களாக்கா?"

"இல்லம்மா. ஒங்க கிளாஸ்தான்."

"அவள அக்கான்னு சொல்லாத, பாட்டின்னு சொல்லு" என்று எட்டாம் இயந்திரத்திலிருந்து கேரல் கத்தினாள். "மூணாவது வருஷம் அவ!"

புனிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நீங்க மொத வருஷமா, மூணாவது வருஷமாக்கா?"

"ரெண்டுந்தான்" என்றாள் ரோகினி. பாதுகாப்புக் கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு, "நீ இந்தப் பக்கம் வந்து நில்லு. மொதல்ல நீ கடை, நான் பாக்கறேன்" என்று சுவிட்சைப் போட்டாள்.